கெட்டி உருக்குக் கத்திக்குக் கட்டுப்படியான தீட்டுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். 14 வருடமாக ஹோட்டல் சமையலறைகளில் வேலை, இப்போது நுவரெலியாவில். கூட வேலை செய்யும் தம்பிமார், கட்டாரில் இருந்து லீவில் வந்தவர்கள், ஜப்பானுக்குப் போன மகன் அனுப்பிய கத்தியைப் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்து வரும் அம்மாமார், எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கத்திக்குக் கொடுத்த காசு போதாதென்று கல்லுக்கும் அதே அளவு கொடுக்க வேண்டுமா என்பதுதான் அடியில் இருக்கிற கவலை. வேண்டாம். நல்ல கல் ஒன்று, அதைச் சமமாக வைத்திருக்க ஒரு வழி, தீட்டும்போது விளிம்பில் மடிந்து எழுகிற பிசிறை விரலால் கண்டுபிடிக்கிற பழக்கம், இவ்வளவும் இருந்தால் வீட்டுக் கத்தியை எத்தனை வருடத்துக்கும் கூராக வைத்திருக்கலாம்.

கெட்டி உருக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்? என் கத்தி அதில் சேருமா?

உருக்கின் கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். சந்தையில் வாங்கும் மலிவான எவர்சில்வர் கத்தி 52, 54 என்று நிற்கும். நல்ல ஜெர்மன் கத்தி 56 முதல் 58 வரை. ஜப்பான் கத்திகள் பெரும்பாலும் 60இல் தொடங்கி 64 வரை, சிலது 66 வரைக்கும் போகும். 60ஐத் தொட்டாலே நான் இங்கே பேசுகிற கெட்டி உருக்குதான். அலகில் விஜி-10, எஸ்ஜி-2, ஆர்-2, இசட்டிபி-189 என்று ஏதாவது பொறித்திருந்தால் உங்கள் கத்தி இந்த வகை. அஓகாமி, ஷிரோகாமி என்று சொல்லி விற்றிருந்தாலும் இதே வகைதான், ஆனால் அவை துருப்பிடிக்கும் உருக்கு, கழுவின கையோடு துடைத்துவிட வேண்டும்.

பொறிப்பு எதுவும் இல்லையா? புது அரம் ஒன்றின் மூலையை எடுத்து, பிடியோரம், வாயை, அதாவது வெட்டுகிற விளிம்பை, ஒட்டினாற்போல் லேசாக இழுத்துப் பாருங்கள். மெது உருக்கென்றால் அரம் கடிக்கும், கையில் தெரியும். கெட்டி உருக்கென்றால் கண்ணாடியில் போவது மாதிரி வழுக்கும். முதுகில் இழுத்துப் பார்க்காதீர்கள், ஏனென்றால் ஜப்பான் கத்திகளில் நிறைய, நடுவில் கெட்டி உருக்கை வைத்து இரண்டு பக்கமும் மெது இரும்பைப் போர்த்திச் செய்தவை, முதுகில் பார்த்தால் தப்பான பதில்தான் கிடைக்கும்.

இன்னொரு கத்தியையும் சொல்ல வேண்டும். தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் பழைய மெஷின் ஹேக்சா பிளேட்டைத் தேய்த்துச் செய்து, கைப்பிடிக்கு மரமோ துணியோ சுற்றின கத்திகள் சில வீடுகளில் இருக்கும். அந்த பிளேட் ஹை ஸ்பீட் உருக்கென்றால் 62க்கு மேல் கடினம். சாதாரணக் கல்லில் அது மசியாது, "இந்தக் கத்தி தீட்டவே வராது" என்று மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். வரும். கல்தான் வேறாக இருக்க வேண்டும்.

அப்பா ஓடைப் பாறையிலேயே கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினாரே, அது போதாதா?

தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்திக்குப் போதும். என் அப்பாவும் அப்படித்தான், பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக் கல்லில் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல்லே குழிந்து போயிருந்தது. ஆனால் ஜப்பான் கத்திக்கு அது சரிவராது, காரணம் இதுதான்: கல்லில் வெட்டுகிற மணி, அதாவது சின்னத் துகள், உருக்குக்குள் இருக்கிற மிகக் கெட்டியான துணுக்கை விடக் கெட்டியாக இருந்தால்தான் அதை அறுக்கும். நூப் என்ற இன்னொரு கடின அளவில் பார்த்தால் நம்ம மலைப் பாறையில் இருக்கிற குவார்ட்ஸ் சுமார் 800. பதம் வைத்த உருக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். துருப்பிடிக்காத கெட்டி உருக்குக்குள் குரோமியம் கார்பைட் என்ற துணுக்குகள் இருக்கின்றன, அவை 1,500க்கு மேல். பாறை அந்தத் துணுக்கைச் சுற்றியிருக்கும் இரும்பைத்தான் தேய்க்கும், துணுக்கை ஒன்றும் செய்யாது, மணிக்கணக்காகத் தேய்த்தாலும் வாய் பளபளக்குமே தவிர வெட்டாது.

கடையில் விற்கும் கல்லில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட், அது சுமார் 2,100. சிலிக்கன் கார்பைட் சுமார் 2,500. இந்த இரண்டும் விஜி-10, அஓகாமி எல்லாவற்றையும் நன்றாக அறுக்கும். வனேடியம் அதிகம் போட்ட உருக்கு, ஹை ஸ்பீட் உருக்கு மாதிரி வந்தால் அதற்குள் வனேடியம் கார்பைட் இருக்கும், அது 2,600க்கும் மேல். அங்கேதான் வைரம் வேண்டும். வைரம் 7,000. ஆகவே கடையில் முதலில் கல்லில் போட்டிருக்கிற எண்ணை யோசிக்காதீர்கள் (எண் கூடக் கூட மணி நைசு, அவ்வளவுதான் அது சொல்வது), கல் எந்தச் சரக்கில் செய்தது என்று கேளுங்கள்.

ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும். எதை வாங்க?

1000 எண் உள்ள தண்ணீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கத்தி வாய் சேதமில்லாமல் வெறுமனே மழுங்கியிருந்தால் 1000 தனியாகவே வேலையைத் தொடங்கி முடிக்கும். லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா, கோழி, மீன், எல்லாவற்றுக்கும் 1000 விட்ட வாயே போதும். தக்காளித் தோலுக்கு அதுதான் நல்லதும் கூட, கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் தோலைப் பிடித்து உள்ளே இறங்கும்.

எந்தக் கம்பனி என்றால், மலிவில் தொடங்க ஜப்பானின் கிங் 1000. களிமண் கட்டின கல், 10 நிமிடம் தண்ணீரில் போட்டால் குமிழி நின்றுவிடும், அப்புறம் தீட்டலாம். மெதுவான கல், அதனால் கைக்கு இதமாக இருக்கும், புதிதாகப் பழகுகிறவருக்குத் தப்பை மன்னிக்கும். ஆனால் சீக்கிரம் குழியும், அடிக்கடி சமப்படுத்த வேண்டும். காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஷாப்டன் குரோமாக்கு 1000, செம்மஞ்சள் நிறக் கல். ஊறவைக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். வேகமாக அறுக்கும், குழிவது மிகக் குறைவு. நான் வீட்டில் வைத்திருப்பது இதுதான், 6 வருடமாகிறது, 15 மில்லிமீட்டர் தடிப்பில் வந்த கல், இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைந்த மாதிரித் தெரியவில்லை. கூடக் கொடுத்த காசு அங்கேதான் திரும்பி வருகிறது.

2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தக் கல் எல்லாம் நம் கைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையாகிவிட்டது, அதனால் புதிதாக வாங்க முடியாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானில், கொரியாவில் சொந்தக்காரர் இருந்தால் லீவில் வரும்போது ஒரு கல் கொண்டு வரச் சொல்லுங்கள். சாக்லேட்டை விடப் பிரயோசனமான சாமான். பெட்டியில் நடுவில், துணிக்குள் வைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள், மூலையில் வைத்தால் உடைந்து வரும்.

டராஸ் இணையக் கடையில் பெயர் தெரியாத இரண்டு பக்கக் கல், மூங்கில் பலகையோடு வருகிறதே?

400/1000 என்று போட்டதை எடுக்கலாம். நாங்கள் சமையலறையில் இப்படி ஒன்றை வாங்கி 2 வருடம் பாவித்தோம். 1000 பக்கம் ஒழுங்காக வேலை செய்தது, 400 பக்கம் மணல் மாதிரி உதிர்ந்தாலும் அறுத்தது. 3000/8000 என்று போட்டதை எடுக்காதீர்கள். மலிவுக் கல்லில் அந்தப் பெரிய எண்களை நம்ப முடியாது, நிஜமாகவே 8000ஆக இருந்தாலும் உங்களுக்கு அது தேவையும் இல்லை. கூட வரும் பிளாஸ்டிக் கிளிப், அதாவது கத்தி முதுகில் மாட்டிச் சரிவைப் பிடித்துத் தருகிற சாமான், கல்லைக் கீறும், கத்தியையும் கீறும். முதல் வாரம் சரிவு எப்படி இருக்கும் என்று பார்க்கப் பாவியுங்கள், பிறகு கழற்றி வையுங்கள்.

1000/6000 இரட்டைக் கல் நல்லதா?

மீன் சதையை மெல்லிசாகச் சீவுகிறவருக்கு, மரவேலைக்காரருக்கு 6000 வேண்டும். வீட்டுக்கு வேண்டாம். அந்தக் காசை 1000 கல்லில் நல்லதாகப் போடுங்கள்.

ஹாட்வெயார் கடைக் காபரண்டம் கல் சரிவராதா? விலை ரொம்பக் குறைவு.

அந்தக் கறுப்புக் கல்லைக் கேவலமாக நினைக்காதீர்கள். அது சிலிக்கன் கார்பைட், அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் போய்க் கண்டெடுத்த சரக்கு, 1893இல் காப்புரிமை எடுத்தார். கடினத்தில் அது பல ஜப்பான் கல்லுக்கு மேலே. குறை என்னவென்றால் மணி பெரிசு. நைசுப் பக்கம் என்று சொல்வதே 240 சுற்றித்தான் இருக்கும். அதில் மட்டும் தீட்டின கத்தி ரம்பம் மாதிரி வெட்டும், இரண்டு நாளில் மழுங்கும்.

ஆனால் வாய் உடைந்த கத்திக்கு, நுனி போன கத்திக்கு, பல வருடம் தீட்டாமல் தடித்துப்போன கத்திக்கு முதல் வேலை செய்ய இதை விட மலிவான கல் கிடையாது. காசு மிகக் குறைவு என்றால் என் கணக்கு இதுதான்: காபரண்டம் கல் ஒன்று, அதற்கு மேல் நைசு பிடிக்கத் தண்ணீர்த் தாள் சில. இரண்டும் ஹட்டன், பண்டாரவளை, பதுளை எந்த டவுனிலும் கிடைக்கும், யாரும் வெளிநாட்டில் இருந்து கொண்டு வரத் தேவையில்லை.

தண்ணீர்த் தாளில் கத்தி தீட்டலாமா?

தாராளமாக. வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள்தான். அதில் இருப்பதும் சிலிக்கன் கார்பைட். மிஞ்சின தரை டைல் ஒன்றைக் கழுவி, நல்ல மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, தாளை நனைத்து அதன் மேல் ஒட்டவையுங்கள், தண்ணீரே பிடித்துக்கொள்ளும். 400, 1000, 2000 என்று மூன்று தாள். ஒரு விஷயம் மட்டும்: கல்லில் வாயை முன்னால் தள்ளலாம், தாளில் தள்ளினால் தாள் கிழியும். முதுகு முன்னால் போகிற மாதிரி இழுக்க மட்டும் வேண்டும்.

தாளின் 1000மும் ஜப்பான் கல்லின் 1000மும் ஒன்றல்ல. தாளில் 1000 என்றால் மணி சுமார் 18 மைக்ரோன், 2000 என்றால் சுமார் 10. ஜப்பான் கல்லின் 1000 இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். ஆகவே தாளில் 1500 வரை போனீர்கள் என்றால் 1000 கல்லில் தீட்டின மாதிரி. கடைக்காரர் "ஒரே எண்தானே" என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் சீக்கிரம் தேயும். வருடக் கணக்கில் பார்த்தால் கல்தான் மலிவு. கல் வாங்கக் காசு சேர்கிற வரைக்கும் தாள்.

வைரத் தகடு வாங்கலாமா?

ஹேக்சா பிளேட் கத்தி வைத்திருப்பவர், இசட்டிபி-189 மாதிரி மிகக் கெட்டியான கத்தி வைத்திருப்பவர், இவர்கள் யோசிக்காமல் வைரம் வாங்கலாம். மற்றவர்களுக்கும் அது கெட்ட தேர்வு இல்லை. குழியாது, ஊறவைக்க வேண்டாம், தண்ணீர் இரண்டு சொட்டுப் போதும். ஜனவரி மாதம் விடியற்காலையில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் கையை விட்டுக் கல்லைத் தூக்குகிற கஷ்டம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு நிம்மதி.

மலிவான தகடுகளில் வைர மணி ஒரே ஒரு அடுக்குத்தான், நிக்கலால் ஒட்டியிருக்கும். அமுக்கித் தேய்த்தால் மணி பிய்ந்து வரும், பிய்ந்த இடம் திரும்ப முளைக்காது. மலிவுத் தகடு ஒரு மாதத்தில் செத்துப் போவதற்குக் காரணம் தகடு அல்ல, கை. கத்தியின் பாரத்தோடு விரல் பாரம் கொஞ்சம், அவ்வளவுதான். புதுத் தகடு முதல் சில தடவை கரகரவென்று ஆழமாகக் கீறும், பயப்படாதீர்கள், துருத்தி நிற்கும் மணிகள் விழுந்ததும் அடங்கிவிடும். வாங்கினதும் பழைய மெதுக் கத்தி ஒன்றில் பழக்கிவிட்டு அப்புறம் நல்ல கத்தியை வையுங்கள். எண் 1000 போட்டதை எடுங்கள், 400ம் சேர்த்து எடுத்தால் அது தண்ணீர்க்கல்லைச் சமப்படுத்தவும் உதவும், ஆனால் அந்த வேலை தகட்டைச் சீக்கிரம் தேய்க்கும்.

சாணைக்காரரிடம் கொடுத்தால் 5 நிமிடத்தில் முடிகிறதே, ஏன் இவ்வளவு பாடு?

அலவாங்கு, மண்வெட்டி, கோடரி, மெதுக் கத்தி எல்லாவற்றையும் கொடுங்கள், அது அவர்களின் தொழில், நன்றாகச் செய்வார்கள். கெட்டி உருக்குக் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முதலாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கின விஜி-10 கத்தி. வேலை அவசரத்தில் டவுனில் ஒருவரிடம் சாணைக்குக் கொடுத்தேன். திரும்ப வாங்கும்போது முடி சிரைக்கிற கூர். நுனியில் ஒன்றரை இஞ்சி அளவுக்கு நீலமாக ஒரு நிழல், மயில் கழுத்து மாதிரி அழகாகக்கூட இருந்தது. அந்த நீலம் என்ன என்று அப்போது தெரியாது. உருக்கு 300 பாகைக்கு மேல் சூடானால் வருகிற நிறம் அது. கெட்டியாக்கின பிறகு பதம் வைக்க அந்த உருக்கைத் திரும்பச் சூடாக்கின அளவு அதற்கு எவ்வளவோ கீழே. மெல்லிய வாய் சுழல்கிற காய்ந்த கல்லில் ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தொடும். நுனி மெதுவாகிவிட்டது, வெங்காயம் நறுக்கினாலே வளைந்தது. அந்த ஒன்றரை இஞ்சியைக் காபரண்டம் கல்லில் தேய்த்தே எடுத்தேன், நான்கு இரவு. கத்தி இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் குட்டையாக.

தண்ணீர் சொட்டச் சொட்ட மெதுவாகச் சுற்றுகிற சாணை வேறு, அதில் சூடு ஏறாது. அப்படி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் கொடுக்கலாம்.

எவ்வளவு சரிவில் பிடிக்க வேண்டும்?

கெட்டி உருக்குக்கு ஒரு பக்கம் 15 பாகை. அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால் முதுகு கல்லில் இருந்து 12 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் அது 15 பாகை. சுண்டுவிரல் நுனியை முதுகுக்குக் கீழே விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஜெர்மன் கத்திக்கு 20 பாகை, அதே அகலத்துக்கு 15 மில்லிமீட்டர்.

முதல் தடவை வாயோரம் இரண்டு பக்கமும் மார்க்கர் பேனையால் கறுப்புப் பூசுங்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். வாயின் விளிம்பு வரைக்கும் மை போயிருந்தால் சரிவு சரி. மேலே மட்டும் போய் விளிம்பில் மை நின்றால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள். ஒரு பாகை இரண்டு பாகை முன்னே பின்னே போவதில் ஒன்றும் கெட்டுப் போகாது. இழுப்புக்கு இழுப்பு மாறாமல் இருந்தால் போதும்.

எப்போது நிறுத்துவது? தீட்டிக்கொண்டே இருக்கிறேன், கூர் வரவில்லை.

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை இங்கேதான், கல்லில் இல்லை. பிசிறு எழுவதற்கு முன்னாலேயே பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள்.

மெதுவாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். கல்லில் சாம்பல் நிறக் குழம்பு சேரும், கழுவ வேண்டாம், அதுவும் அறுக்கும். கொஞ்ச நேரத்தில் உருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடியும். பெருவிரலைத் தீட்டாத பக்கத்தில் வைத்து, முதுகில் இருந்து வாய்ப் பக்கமாக, வெளியே போகிற மாதிரி வழித்துப் பாருங்கள். வாயின் நீளத்துக்கு விரலைப் போட்டால் வெட்டிவிடும், குறுக்காக மட்டும். விளிம்பில் விரல் ஒரு மெல்லிய கம்பியில் தட்டின மாதிரி, பழைய சல்லி விளிம்பைத் தடவின மாதிரித் தட்டும். அதுதான் பிசிறு. பிடியோரத்தில் இருந்து நுனி வரைக்கும் விடாமல் தட்ட வேண்டும். நடுவில் எங்காவது வழவழவென்று இருந்தால் அந்த இடம் இன்னும் மொட்டை, அங்கே மட்டும் இன்னும் தேயுங்கள். முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். மெதுக் கத்தியில் பிசிறு தடிப்பாக வரும், யாருக்கும் தெரியும். கெட்டி உருக்கில் மிகச் சின்னதாக வரும், பழகாத விரலுக்குத் தட்டாது, அதனால்தான் இந்தக் கத்திகள் தீட்ட வராது என்று பெயர் வாங்கியிருக்கின்றன. கொஞ்சம் பஞ்சை எடுத்து வழித்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத இடத்தில் பஞ்சு மாட்டும்.

மறுபக்கமும் அதே மாதிரி. பிறகு ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு, அப்புறம் இரண்டு, ஒன்று என்று பாரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி இழுப்புகளில் கத்தி கல்லைத் தொடுவதே காதுக்குத்தான் தெரிய வேண்டும். முடிவில் பத்திரிகைத் தாளை இறுக்கமாக மடித்து, அதன் மேல் முதுகு முன்னால் போகப் பத்துத் தடவை இழுத்தால் மிச்சப் பிசிறு போய்விடும். பழுத்த தக்காளியை வைத்துப் பாருங்கள், கத்தியை மேலே வைத்து அமுக்காமல் இழுத்தாலே தோல் பிளக்க வேண்டும்.

கல்லுக்குத் தண்ணீரா, எண்ணெயா? தேங்காய் எண்ணெய் விடலாமா?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது, நுவரெலியாவில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக நிற்கிறது. கல்லின் துளைக்குள் போய் உறைந்து, உருக்குத் தூளோடு சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்துக்கொள்ளும். அப்படி ஆன காபரண்டம் கல் இருந்தால் சுடுதண்ணீர், சவர்க்காரம், பழைய பல்துலக்கி போட்டுப் பொறுமையாகத் தேயுங்கள், பெரும்பாலும் மீட்கலாம். காபரண்டத்துக்கும் தண்ணீரே போதும், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு விட்டால் இன்னும் நல்லது. தண்ணீர்க்கல்லில் எந்த எண்ணெயும் படக் கூடாது.

கல் நடுவில் வெடித்துவிட்டது. ஏன்?

என்னிடம் வந்த வெடித்த கற்களில் பாதி அடுப்படியில் காய்ந்தவை. தண்ணீர்க்கல்லை ஊறவைத்துத் தீட்டிவிட்டு, நம்ம ஊர் ஈரத்தில் காயாது என்று விறகடுப்புத் திண்ணையில் வைத்துவிடுகிறார்கள். வெளிப்பக்கம் சட்டென்று காயும், உள்ளே ஈரம் நிற்கும், கல் பிளக்கும். வெயிலில் வைப்பதும் அப்படித்தான். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில், இரண்டு குச்சி மேல் தூக்கி வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். நல்ல மழைக் காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும், ஆகட்டும். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொன்று, கல்லை வாளித் தண்ணீரிலேயே போட்டு வைக்கிற பழக்கம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல் வெள்ளையாகப் பனி உறைகிற இரவுகள் வரும். அன்றைக்கு வெளியே இருந்த ஈரக் கல்லுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்தால் கல்லுக்கு அதுதான் கடைசி இரவு. குரோமாக்கு மாதிரி ஊறவைக்கக் கூடாத கல்லை வாளியில் போட்டே வைக்காதீர்கள், பனி இல்லாவிட்டாலும் கெடும்.

கல் குழிந்துவிட்டதை எப்படிச் சரி செய்வது?

பென்சிலால் முகம் முழுக்கக் கட்டம் போடுங்கள். டைல் மேல் 120 அல்லது 180 தண்ணீர்த் தாளை வைத்து, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்து எட்டு எழுதுகிற மாதிரித் தேயுங்கள். பென்சில் எல்லா இடத்திலும் அழிந்தால் சமம். நடுவில் மட்டும் கோடு நின்றால் அதுதான் குழி. மூன்று நாலு தடவை தீட்டினதும் ஒரு தடவை இதைச் செய்தால் இரண்டு நிமிட வேலை, ஒரு வருடம் விட்டால் அரை நாள் வேலை. ஓரங்களையும் கொஞ்சம் சரித்துவிடுங்கள், கூரான ஓரம் பெயர்ந்து விழுந்து கத்தியைக் கீறும்.

உருக்குக் கோல் போட்டு இழுத்தால் போதாதா?

மெதுக் கத்தியில் வாய் வளையும், கோல் அதை நிமிர்த்தும். கெட்டி உருக்கு வளையாது, சில்லு சில்லாகப் பெயரும். வரி போட்ட உருக்குக் கோலில் இழுத்தால் அந்தப் பெயர்ச்சியை நீங்களே செய்கிறீர்கள். கட்டாயம் கோல் வேண்டும் என்றால் வழவழப்பான பீங்கான் கோல், மெதுவாக. வீட்டில் கோப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கு இல்லாத வளையம் தெரியும், அதுவும் பீங்கான்தான், அவசரத்துக்கு நாலு இழுப்பு இழுக்கலாம். இரண்டு பல்லுக்கு நடுவில் விட்டு இழுக்கிற மலிவுச் சாமானில் கெட்டி உருக்குக் கத்தியை விடாதீர்கள்.

வாயில் சின்னச் சின்னப் பல் விழுந்திருக்கிறது. கத்தி மட்டமா?

பெரும்பாலும் கத்தி சரி, வேலைதான் தப்பு. மாசிக் கருவாடு உடைக்க, உறைந்த கோழி வெட்ட, எலும்பில் இறக்க, தேங்காய் தட்ட இந்தக் கத்தி செய்யப்படவில்லை. கல்பலகையில், பீங்கான் தட்டில் வைத்து நறுக்கினாலும் பல் விழும். அந்த வேலைக்கெல்லாம் பழைய மெதுக் கத்தி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். விழுந்த பல்லை எடுக்கக் காபரண்டம் அல்லது 400 கல், பல் மறைகிற வரைக்கும், பிறகு 1000. மிகச் சின்னப் பல்லென்றால் அடுத்தடுத்து இரண்டு தீட்டலில் தானாகப் போய்விடும், துரத்தத் தேவையில்லை.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை தீட்ட?

வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 1000இல். நடுவில் மந்தமாகத் தெரிந்தால் பத்திரிகைத் தாளில் இழுங்கள். ஹோட்டலில் நாங்கள் வாரம் ஒரு தடவை, மரக்கறிப் பக்கம் நிற்கிறவர் இரண்டு தடவை.

அண்ணா, இந்தப் புதுக் கல்லில் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியையும் தீட்டலாமா?

1000 கல்லில் போடாதீர்கள். கவ்வாத்துக் கத்தி வளைந்தது, உள்வளைவை மட்டமான கல்லில் தேய்த்தால் கல்லின் ஓரத்தில்தான் படும், ஒரே நாளில் வாய்க்கால் வெட்டிவிடும். அதற்குக் காபரண்டம் கல்லின் பழைய துண்டு ஒன்றை எடுங்கள். கத்தியை முழங்காலில் சாக்கு விரித்து அசையாமல் பிடித்து, கல்லைக் கையில் வைத்து வாயின் மேல் நகர்த்துங்கள், கத்தி நகரக் கூடாது, கல் நகர வேண்டும். உருக்கு மெதுவானது, அரம்கூடக் கடிக்கும், அதனால் பிசிறு சீக்கிரம் எழும். சரிவை 15க்கு இறக்காதீர்கள், தடித்த தேயிலை வாதை ஒரே வீச்சில் அறுக்கிற கத்தி அது, மெல்லிய வாய் அங்கே மடியும். 25 பாகை இருக்கட்டும். ஆனால் பிசிறை முழுக்க எடுத்துவிடுங்கள். பிசிறோடு வெட்டினால் வாது சிதம்பும், சிதம்பின வெட்டில் தண்ணீர் தங்கி அழுகல் இறங்கும். வழவழவென்று சரிவாக விழுந்த வெட்டில் தண்ணீர் நிற்காது. அப்பாவிடம் கேட்டால் அவர் இதை இன்னும் நன்றாகச் சொல்வார், தீட்டும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்.